மாத்திரைக் கவரைக் கொட்டிப் பாருங்கள்: யூரிக் ஆசிடும் கண் பிரஷரும் ஒரே ஆளுக்கு இருந்தால்

“யூரிக் ஆசிட் 8.2 இருக்கு. கண்ணுலயும் பிரஷர்னு சொல்லிட்டாங்க. அதனாலதான் இது வந்துச்சா?”

கண் மருத்துவமனை வரிசையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடியதால் கிளாக்கோமா, அதாவது கண்ணின் பார்வை நரம்பு தேயும் நோய், வந்தது என்று இதுவரை யாரும் நிறுவவில்லை. அதை மட்டும் சொல்லி அனுப்பினால் பாதிதான் சொன்ன மாதிரி. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கும்போது ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றைக் கிளறிவிடும். எலும்பு டாக்டரிடம் ஒரு ஃபைல், கண் டாக்டரிடம் ஒரு ஃபைல். இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்கிற ஆள் வீட்டில்தான் இருக்க வேண்டியிருக்கிறது.

முதலில் எண்களைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். கண் பிரஷர் என்றதும் பலரும் ரத்த அழுத்தம் கண்ணில் ஏறிவிட்டது என்று நினைக்கிறார்கள். இது வேறு. கருவிழிக்குப் பின்னால் தெளிந்த நீர் ஒன்று ஊறிக்கொண்டே இருக்கும். கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் ஓரத்தில், உள்பக்கம் சல்லடை போல ஒரு வடிகால். ஊறுவதும் வடிவதும் சமமாக இருந்தால் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசத்துக்குள் நிற்கும். வடிகால் தூர்ந்தால் அழுத்தம் ஏறி, கண்ணின் பின்பக்கத்தில் பார்வை நரம்பு மெல்ல மெல்லத் தேயும். நரம்பு தேய்வதுதான் நோய், அழுத்தம் அதற்கான பெரிய காரணங்களில் ஒன்று. 16, 17 இருந்தும் நரம்பு தேய்கிறவர்கள் உண்டு, 24 இருந்தும் தேயாதவர்கள் உண்டு. அதனால்தான் அழுத்தத்தோடு கருவிழித் தடிமன், வடிகால் கோணத்தைப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி, பார்வைப் பரப்புச் சோதனை, நரம்பு இழையின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. எல்லாம் எடுக்கிறார்கள். வலி இருக்காது, பார்வை ஓரத்திலிருந்து போகும், நடுப்பார்வை கடைசி வரை தாங்கும். சென்னையிலும் சுற்றுக் கிராமங்களிலும் நடந்த கிளாக்கோமா கணக்கெடுப்பில் நோய் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்.

யூரிக் ஆசிட் பக்கம் வந்தால், ஆண்களுக்குச் சுமார் 7, பெண்களுக்குச் சுமார் 6 மில்லிகிராம் வரை இயல்பு என்று ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும். உடம்புச் சூட்டில் ரத்தத்தில் கரைந்து நிற்கும் எல்லை ஏறக்குறைய 6.8. அதைத் தாண்டினால் ஊசி போன்ற படிகமாக மூட்டில் படியலாம், படியாமலும் இருக்கலாம். படிந்து மூட்டு வீங்கி வலித்தால் அதுதான் கவுட். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ லண்டனிலோ எடுத்த ரிப்போர்ட்டில் 420, 480 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது மைக்ரோமோல் கணக்கு. 59.5-ஆல் வகுத்தால் நம் ஊர் எண் வரும். 420 என்பது ஏறக்குறைய 7.

ரத்தம் கொடுக்கும் நேரத்திலும் பிழை நடக்கும். கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற அன்றைக்கு எடுத்தால் யூரிக் ஆசிட் இயல்பாகவே காட்டக்கூடும். “நார்மல்தான், கவுட் இல்லை” என்று முடிவுகட்டாமல் வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். வைட்டமின் சி மாத்திரையை நிறையப் போட்டுக்கொண்டு போனால் பரிசோதனை முறையில் குறுக்கிட்டு எண்ணைக் குறைத்துக் காட்டலாம். முதல் நாள் இரவு ஆட்டுக்கறி விருந்து, பீர், கடும் உடற்பயிற்சி மூன்றும் ஏற்றிக் காட்டும். ஒரே லேபில், ஒரே மாதிரி நேரத்தில் எடுத்தால்தான் போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஒப்பிட முடியும்.

சரி, இரண்டுக்கும் தொடர்பே கிடையாதா? ஆராய்ச்சிக்காரர்கள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். யூரிக் ஆசிடுக்கு இரட்டை வேடம். ரத்த ஓட்டத்தில் இருக்கும்போது அது துருப்பிடிப்பைத் தடுக்கிற பொருள். மனித ரத்தத்தின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றலில் பெரும்பங்கு அதனுடையது. செல்லுக்குள் போனால் எதிர்ப்பக்கம் சாய்ந்து அழற்சியைத் தூண்டும். கண்ணின் வடிகால் சல்லடையும் பார்வை நரம்பும் ஆக்சிஜனேற்றச் சிதைவுக்கு எளிதில் ஆளாகிறவை. எனவே யூரிக் ஆசிட் கூடினால் நரம்புக்குக் காப்பா கேடா என்ற கேள்வி எழுவது இயற்கை. ஷாங்காயில் குறுகிய கோணக் கிளாக்கோமா (வடிகால் கோணம் இடுங்கி வரும் வகை; இடுங்காமல் வருவது திறந்த கோண வகை) நோயாளிகளை வைத்து 2017-இல் வந்த ஆய்வில், நோய் உள்ளவர்களுக்கு யூரிக் ஆசிட் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது, நோய் முற்றியவர்களுக்கு இன்னும் குறைவு. வேறு ஆய்வுகளில் கூடுதலாக இருந்தது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை.

இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுப்பதில் வியப்பில்லை. யூரிக் ஆசிடை ஏற்றுவதும் இறக்குவதும் பல கைகள்: சிறுநீரகம், உடல் எடை, பி.பி. மாத்திரை, சர்க்கரை, சாப்பாடு. போதாததற்குக் கிளாக்கோமாவுக்குத் தரும் ஒரு மாத்திரையே யூரிக் ஆசிடை ஏற்றிவிடும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவரிடம் ரத்தம் எடுத்து எண்ணைப் பார்த்தால் நோயின் எண் எது, மருந்தின் எண் எது என்று எப்படிப் பிரிப்பது? ஆகவே கண்ணைக் காக்கிறேன் என்று யூரிக் ஆசிடைக் குறைக்கவும் வேண்டாம், காப்புப் பொருளாயிற்றே என்று கூடவே விடவும் வேண்டாம். மூட்டுக்கும் சிறுநீரகத்துக்கும் எது தேவையோ அதன்படி மூட்டு மருத்துவர் முடிவு செய்யட்டும்.

டயமாக்ஸ் என்கிற அந்த வெள்ளை மாத்திரை

மேலே சொன்ன மாத்திரை அசெட்டசோலமைடு. டயமாக்ஸ் என்ற பெயரில்தான் பலருக்குத் தெரியும். கண் அழுத்தம் சட்டென்று ஏறும்போதும், புரை அறுவைக்குப் பின் ஓரிரு நாளைக்கும், சொட்டு மருந்து மட்டும் போதாமல் அறுவைக்குக் காத்திருக்கும்போதும் எழுதுவார்கள். பெரியவர்களுக்கு 250 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முதல் நான்கு வேளை என்பது வழக்கமான அளவு. கண்ணில் நீர் ஊறுவதைக் குறைப்பதால் அழுத்தம் இறங்கும். சிறுநீரையும் கூடுதலாகப் போக்கும். உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கப் பார்க்கும், அதோடு யூரிக் ஆசிடையும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் எண் ஏறும். கிளாக்கோமாவுக்கு இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு கவுட் வந்ததை 1969-லேயே கண் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். புதுச் செய்தி அல்ல, மறந்துபோன செய்தி.

நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், கண்ணுக்கு மாத்திரை தொடங்கி சில நாளில் பெருவிரல் தெறிக்கும். “ஆபரேஷன் பண்ண இடம் கண்ணு, வலிக்கிறது காலு” என்று வீட்டில் சிரிப்பார்கள். கண் டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள், காலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவார்கள். அதற்குப் பதில், ஏற்கெனவே கவுட் வந்தவர் என்றால் டயமாக்ஸ் எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் தொடரப்போகிறது என்றால் யூரிக் ஆசிட், கிரியாட்டினின், பொட்டாசியம் மூன்றையும் பார்த்துக்கொள்வது நல்லது. சிறுநீரகம் மோசமாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையே கூடாது. கை கால் விரல் நுனியில் ஊசி குத்துகிற மாதிரி மரத்துப்போவதும், சோடா குடித்தால் வாயில் தகரம் போலச் சுவைப்பதும் பொதுவான பக்கவிளைவுகள். பயப்பட வேண்டியதில்லை. மூச்சு வாங்குவது, மயக்கம், உடம்பெல்லாம் தடிப்பு என்றால் உடனே போக வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதிக அளவு ஆஸ்பிரினும் அசெட்டசோலமைடும் சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடி, வயதானவர்களுக்குக் குழப்பமும் மயக்கமும் வரலாம். குறைந்த அளவு ஆஸ்பிரினே யூரிக் ஆசிடைக் கொஞ்சம் ஏற்றும் என்பது வேறு விஷயம். அதற்காக இதயத்துக்கான ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சிறுநீரகக் கல் விஷயத்தில் இந்த மாத்திரை விசித்திரமானது. யூரிக் ஆசிட் கல் அமிலம் கூடிய சிறுநீரில் விளைவது. டயமாக்ஸ் சிறுநீரின் அமிலத்தைக் குறைத்துக் காரத்தன்மை ஆக்குவதால் அந்தக் கல்லுக்கு இடம் குறைவு. ஆனால் கார சிறுநீரில் கால்சியம் பாஸ்பேட் கல் விளையும், கல்லைத் தடுக்கும் சிட்ரேட்டும் குறைந்துவிடும். ஒரு கல்லுக்குப் பகை, இன்னொரு கல்லுக்கு உரம். கூடவே சோடியம் பைகார்பனேட் சாப்பிட்டால் கல் வாய்ப்பு இன்னும் கூடும். ஏற்கெனவே கல் வந்தவர் என்றால் அது எந்த வகைக் கல் என்ற ரிப்போர்ட்டைக் கண் ஃபைலிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே குடும்பத்து மருந்து சொட்டாகவும் வருகிறது: டார்சோலமைடு, பிரின்சோலமைடு. ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு என்பதால் மாத்திரை செய்கிற அட்டகாசம் இவற்றில் பொதுவாக இருக்காது. கவுட் உள்ளவர்களுக்கு மாத்திரைக்குப் பதில் சொட்டு போதுமா என்று கேட்பதில் தவறில்லை.

காலுக்குப் போட்ட ஸ்டீராய்டு கண்ணில் இறங்கும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

கவுட் வலி தாங்காமல் மெடிக்கலில் போய் நின்றால், சிறிய காகிதப் பொட்டலத்தில் மூன்று நான்கு மாத்திரை போட்டுத் தருவார்கள். அட்டையிலிருந்து ஒன்றொன்றாகக் கத்தரித்தது. பெயர் ஒரு பக்கம், தேதி ஒரு பக்கம் அறுந்து போயிருக்கும். அதில் கடுகு போல ஒரு குட்டி மாத்திரை இருந்தால் சந்தேகப்படுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுகள் இரண்டும் அந்த அளவில்தான் வரும். ராத்திரி விழுங்கினால் காலையில் நடக்கலாம். அந்த அதிசயத்துக்காகவே அடுத்த தடவையும் அதே கடைக்குப் போவார்கள். பெயரில்லாத மூட்டுவலிப் பொடியிலும் லேகியத்திலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. சாப்பிட்டதும் பசி கூடி, முகம் உப்பி, வலி மாயமாய்ப் போனால் அது மூலிகையின் வேலை அல்ல.

ஸ்டீராய்டு கண் வடிகாலின் சல்லடையைத் தூர்க்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. மக்களில் மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு ஏறும். நூற்றுக்கு நான்கைந்து பேருக்கு இருந்ததைவிட 15 மி.மீ.-க்கும் மேல் கூடுதலாக எகிறும். ஏற்கெனவே திறந்த கோணக் கிளாக்கோமா இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஏறும் என்றே வைத்துக்கொள்ளலாம். அப்பா அம்மாவுக்குக் கிளாக்கோமா இருந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், பவர் அதிகமான மைனஸ் கண்ணாடி போடுகிறவர்கள் இவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். கண்ணில் விடும் ஸ்டீராய்டு சொட்டுதான் மிக வேகம், சில வாரங்களில் காட்டிவிடும். மாத்திரையும் ஊசியும் மெல்ல ஏற்றும். வலி இருக்காது, சிவக்காது. நரம்பு போன பிறகுதான் தெரியும். போன நரம்பு திரும்பாது.

மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு கதை. கவுட் தாக்கத்துக்கு பிரெட்னிசலோன் 30 முதல் 40 மில்லிகிராம் வரை ஐந்து நாள் போல எழுதுவது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு வலி மாத்திரையைவிட அதுவே பாதுகாப்பாக இருக்கலாம். கிளாக்கோமா இருக்கிறது என்று சொன்னால் அவர் கோல்ச்சிசின் பக்கம் போகலாம், அது கண் அழுத்தத்தை ஏற்றாது. இங்கே அரை மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கிறது. தாக்கம் தொடங்கி 12 மணி நேரத்துக்குள் போட்டால்தான் நன்றாகக் கேட்கும், அளவு மீறினால் பேதி பிடுங்கும். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வேறு வழியில்லாமல் ஸ்டீராய்டு இரண்டு வாரத்தைத் தாண்டுகிறது என்றால் தொடங்கும்போது ஒரு தடவை, பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஒரு தடவை கண் அழுத்தம் பாருங்கள். தொடர்ந்தால் அதன்பின் மாதக் கணக்கில். மூட்டுக்குள் போட்ட ஊசி, தோலுக்குத் தடவும் களிம்பு, ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கு ஸ்ப்ரே எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். குறிப்பாகக் கண் இமைக்குப் பக்கத்தில் தடவும் களிம்பு.

இதைப் படித்த பயத்தில், வாரக்கணக்கில் சாப்பிட்டுவந்த ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தானே சுரப்பதை அதற்குள் மறந்திருக்கும். பி.பி. விழுந்து மயங்க வைக்கும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

கல் வலி ஊசியும் குறுகிய கோணமும்

யூரிக் ஆசிட் கல் நகர்ந்து விலாவிலிருந்து இடுப்புக்கு வலி இறங்கும்போது, நள்ளிரவில் பக்கத்து கிளினிக்கில் போடும் ஊசிகளில் ஹையோசின், டைசைக்ளோமின் வகை இருக்கும். குடலும் சிறுநீர்க் குழாயும் தளரும் என்று போடுவது. கூடவே கண்மணியையும் கொஞ்சம் விரிக்கும். வடிகால் கோணம் ஏற்கெனவே குறுகலாக இருப்பவர்களுக்கு விரிந்த கண்மணியின் மடிப்பு வடிகாலை அடைத்துவிடலாம். அழுத்தம் சில மணி நேரத்தில் 50, 60 என்று போகும். கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தி எடுக்கும். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். மூடிய இமை மேல் விரலால் தொட்டால் கண் கோலிக்குண்டு போலக் கெட்டியாக இருக்கும். கல் வலிக்கும் வாந்தி வரும் என்பதால் கண்ணை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு நாள் தாமதித்தாலும் பார்வை நிரந்தரமாகப் போகலாம்.

திறந்த கோணக் கிளாக்கோமா உள்ளவர்களுக்கும், லேசர் துளை போட்டுக்கொண்ட குறுகிய கோணக்காரர்களுக்கும் இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. எனவே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது ஒரே விஷயம்: உங்களுடையது திறந்த கோணமா, குறுகிய கோணமா, லேசர் போட்டாயிற்றா. கண் டாக்டரிடம் கேட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். குறுகிய கோணம், லேசர் இன்னும் இல்லை என்றால் கல் வலிக்கு வலி நிவாரணி ஊசி தனியாகப் போதும், அல்லது கண்மணியைத் தொடாத டிரோட்டாவரின் இருக்கிறது என்று கேட்கலாம். கல் இறங்க டாம்சுலோசின் எழுதியிருந்தால் அதையும் புரை அறுவைக்கு முன் சொல்ல வேண்டும். சாப்பிட்டு நிறுத்தி நாளாகியிருந்தாலும் அறுவையின்போது கண்மணித் திரை தொளதொளவென்று கத்தி வழியில் வந்து நிற்கும். முன்பே தெரிந்தால் சமாளிக்க அவர்களுக்கு வழி உண்டு.

தண்ணீர்

யூரிக் ஆசிட் டாக்டர் நாளுக்கு மூன்று லிட்டர் குடி என்பார். கண் டாக்டர் ஒரேயடியாகத் தண்ணீர் குடிக்காதே என்பார். இரண்டு பேரும் சரிதான். ஐந்து நிமிடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து, கால் மணிக்கொரு தடவை கண் அழுத்தம் அளப்பது கிளாக்கோமாவில் பழைய பரிசோதனை. வடிகால் பழுதான கண்ணில் அழுத்தம் ஏறி, இறங்க நேரம் எடுக்கும். காலையில் எழுந்ததும் செம்பு நிறைய, சிலர் ஒன்றரை லிட்டர் வரை, மூச்சுவிடாமல் குடிக்கும் வைத்தியம் இதே பரிசோதனையைத் தினமும் வீட்டில் செய்வதுதான். மொத்த அளவைக் குறைக்க வேண்டியதில்லை, பிரித்துக் குடித்தால் போதும். ஒரு டம்ளர் 200 மில்லி என்று வைத்து, முக்கால் மணிக்கொன்று. விழித்திருக்கும் நேரத்தில் பதினான்கு பதினைந்து டம்ளர் சுலபமாக ஆகிவிடும். இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் இந்த அளவே பொருந்தாது.

பி.பி. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மாத்திரைப் பெயருக்குப் பின்னால் தனியாக ஓர் ‘எச்’ ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயாசைடு சேர்ந்தது. அதுவும் குளோர்தாலிடோனும் யூரிக் ஆசிடை ஏற்றும். லோசார்டன் சற்று இறக்கும். மாற்ற முடியுமா என்று கேட்க நல்ல காரணம் இது. கண்ணுக்கும் பி.பி. மாத்திரையில் ஒரு பங்கு உண்டு. தூக்கத்தில் ரத்த அழுத்தம் இயல்பாகவே இறங்கும். அதன்மேல் ராத்திரி பி.பி. மாத்திரையும் போட்டால், கண் அழுத்தம் சரியாக இருந்தும் நரம்புக்கு ரத்தம் போதாமல் போகலாம். அழுத்தம் 14-இல் நிற்க, பார்வைப் பரப்பு மட்டும் சுருங்கிக்கொண்டே போகிறது என்றால் 24 மணி நேர பி.பி. பதிவு எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள்.

காசநோய்க்கு மருந்து சாப்பிடும்போது யூரிக் ஆசிட் ஏறி, பார்வையும் மங்கினால் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடத் தோன்றும். அங்கே குற்றவாளிகள் இருவர். முதல் இரண்டு மாதம் தரும் பைராசினமைடு யூரிக் ஆசிடை நன்றாகவே ஏற்றும், பெரும்பாலும் மூட்டு வலியோடு நின்றுவிடும், மருந்து முடிந்ததும் இறங்கும். பார்வையைத் தொடுவது எதாம்பியூட்டால். நம் நாட்டு முறையில் அது ஆறு மாதமும் தொடர்கிறது. கிளாக்கோமாவில் ஓரம் முதலில் போகும். எதாம்பியூட்டாலில் நடுப்பார்வையும் சிவப்பு, பச்சை நிறமும் மங்கும், அதுவும் இரண்டு கண்ணிலும் சேர்ந்தே. வீட்டிலேயே ஒரு சிவப்பு மூடியைக் காட்டி ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து நிறம் வெளுத்துத் தெரிகிறதா என்று சோதிக்கலாம். தெரிந்தால் அன்றைக்கே காசநோய் மருந்து தரும் மையத்தில் சொல்ல வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் பலருக்குப் பார்வை திரும்பும்.

யூரிக் ஆசிடைக் குறைக்கும் அலோபுரினாலும் ஃபெபுக்ஸோஸ்டாட்டும் கண் அழுத்தத்தை ஏற்றுவதில்லை. அலோபுரினாலை 100 மில்லிகிராமில், சிறுநீரகம் பலவீனம் என்றால் இன்னும் குறைவாகத் தொடங்கி, யூரிக் ஆசிட் 6-க்குக் கீழ் வரும்வரை சில வாரங்களுக்கொரு முறை ஏற்றுவார்கள். தொடங்கிய சில வாரங்களில் உடம்பில் தடிப்போடு கண் சிவந்து, வாய் புண்ணானால் மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அந்த ஒவ்வாமை தோலோடு கண்ணின் மேல்பரப்பையும் கருக்கிவிடும். கண்ணுக்குள் அழற்சி வந்து, அதனால் அழுத்தமும் ஏறி, அதற்காக அசாதயோப்ரின் (நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து) சாப்பிடுகிறவர்களுக்கு, அதனோடு அலோபுரினாலோ ஃபெபுக்ஸோஸ்டாட்டோ சேரவே கூடாது. எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். எலும்பு டாக்டர் ஒன்றையும் கண் டாக்டர் மற்றதையும் எழுதும் ஆபத்து இங்கே உண்மையிலேயே இருக்கிறது. வலி இல்லாமல் யூரிக் ஆசிட் 7.5 என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் மருந்தே வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ஈரல், குடல், மூளை, நெத்திலி, மத்தி, பீர், பாட்டில் குளிர்பானம் இவற்றைக் குறைத்தால் போதும். துவரம்பருப்பையும் கீரையையும் நிறுத்திவிட்டுச் சோறும் ரசமுமாக இளைத்துப்போவது தேவையில்லாத தண்டனை. காபி கவுட்டுக்குக் கெடுதல் இல்லை. கண் அழுத்தத்தைச் சற்று நேரத்துக்குக் கொஞ்சம் ஏற்றும். ஒன்றிரண்டு டம்ளரில் ஒன்றும் ஆகாது, அழுத்தம் பார்க்கப் போகும் காலையில் மட்டும் தவிர்த்துவிடலாம். எடை குறைக்க யோகா செய்கிறவர்கள் சிரசாசனத்தை விட்டுவிட வேண்டும். சென்னை சங்கர நேத்ராலயாவில் அளந்து பார்த்ததில் தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் இரு மடங்கானது. பட்டினி கிடந்து எடை குறைத்தால் யூரிக் ஆசிட் ஏறும்.

கடைசியாக, யாரும் எழுதாத ஒரு சின்ன விஷயம். கவுட் நாள்பட்டு விரல் கணுக்களில் சுண்ணாம்புக் கட்டி போலத் தடித்தவர்களுக்குச் சொட்டு மருந்துப் பாட்டிலைப் பிதுக்குவதே பெரும்பாடு. ஐந்து மில்லி பாட்டிலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தால் நழுவும், கன்னத்தில் நாலு சொட்டு விழும், மாதம் வர வேண்டிய பாட்டில் பத்து நாளில் காலியாகும். உட்கார்ந்து போடாமல் படுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலைச் சுற்றி ஒரு கைக்குட்டையை இறுக்கிச் சுற்றினால் பருமனாகிப் பிடி கிடைக்கும். பிடித்த கையின் மணிக்கட்டை நெற்றியில் ஊன்றிக்கொண்டு, மற்றொரு கையால் கீழிமையை இழுத்துப் பை போல் ஆக்கி, நுனி கண்ணில் படாமல் ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை இரண்டு நிமிடம் அழுத்துங்கள். மருந்து தொண்டைக்கு இறங்காது. டிமோலால் சொட்டு என்றால் இது கட்டாயம், அது ரத்தத்தில் கலந்தால் நாடித்துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சை இறுக்கும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. திறந்த தேதியைப் பாட்டிலில் பேனாவால் எழுதுங்கள், நான்கு வாரத்துக்கு மேல் அதைப் பயன்படுத்த வேண்டாம். விரல் ஒத்துழைக்கவே இல்லை என்றால் வீட்டில் வேறொருவர் போட்டுவிடட்டும். போடுகிறவர் முதலில் கையைக் கழுவட்டும்.